கமாண்டர் வைத்த பதினேழு எல்லைக்கற்கள்

அன்பும் மரியாதையும் குறையாத மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம். உங்கள் அத்தையும் சுகம், ஆனால் இங்கே இல்லை. இரண்டு தெரு தள்ளி அவளுடைய அக்கா வீட்டில் சுகமாக இருக்கிறாள். கமாண்டர் ரொம்ப ரொம்ப சுகம். அவனுடைய சுகத்தைத் தாங்க முடியாமல்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். உங்கள் சுகத்துக்கும் என் மகளின் சுகத்துக்கும் பதில் போடுங்கள். பதில் போடும்போது இத்துடன் இணைத்திருக்கும் மஞ்சள் படிவத்தில் பென்சிலால் சுழித்திருக்கும் மூன்று இடங்களிலும் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். அது என்ன படிவம் என்பதைக் கடிதம் முழுவதும் படித்த பிறகு பாருங்கள். முதலிலேயே பார்த்தால் உங்களுக்குத் தலை சுற்றும்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் பேசிப் பார்த்தேன் மாப்பிள்ளை, ஒன்பது தடவை பேசினேன். உங்கள் பதவி உயர்வைப் பற்றி அரைமணி நேரம் சொன்னீர்கள், ஒரு எழுத்து சிதையாமல் கேட்டது. அந்த ஊர்த் தண்ணீரில் உங்கள் தலைமுடி கொட்டுவதைப் பற்றிச் சொன்னீர்கள், அதுவும் மணி மாதிரி கேட்டது. நான் வாயைத் திறந்து "நாய்" என்று ஆரம்பித்த உடனே, "மாமா... கேக்கல மாமா... இங்க சிக்னல் சரியில்ல மாமா..." ஒன்பதில் ஆறு தடவை அதே சொல்லில் அறுந்தது. அந்தச் சொல்லுக்கு உங்கள் ஊரில் ஏதோ தடை இருக்கிறது போலிருக்கிறது. கடிதத்துக்கு சிக்னல் வேண்டாம் என்பதால் பேனாவை எடுத்தேன்.

மூன்று மாதத்துக்கு முன்னால், ஒரு வருஷ மாற்றலில் அங்கே போகிறோம், கம்பெனி கொடுக்கும் வீட்டில் நாய்க்கு அனுமதி இல்லை என்று சொல்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கமாண்டரைக் கொண்டுவந்து விட்டீர்கள். எந்தப் படைக்குக் கமாண்டர் என்று நான் அப்போது கேட்கவில்லை. கூடவே இரண்டு மூட்டை தீனி, அவனுக்கென்று ஒரு மெத்தை, தடுப்பூசிப் புத்தகம் முதலியவை அடங்கிய ஒரு பை, கம்ப்யூட்டரில் அடித்த நான்கு பக்கக் குறிப்பு. பையை உங்கள் அத்தை பீரோவில் வைத்துவிட்டாள். குறிப்பை நான் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்தேன். முதல் வரி: "கமாண்டர் வீட்டுக்குள் இருக்கும் பழக்கங்களை முழுமையாகக் கற்றவன்." நீங்கள் வண்டியைத் திருப்பிக்கொண்டு தெருமுனையைத் தாண்டியிருக்க மாட்டீர்கள். முழுமையாகக் கற்றவன் சாப்பாட்டு மேஜையின் காலை முகர்ந்து பார்த்தான், யோசித்தான், பின்னங்காலைத் தூக்கினான். பிறகு குளிர்சாதனப் பெட்டி. பிறகு சோபாவின் வலது மூலை. ஒவ்வொன்றுக்கும் நாலே நாலு சொட்டுதான், கணக்காக. உங்கள் அத்தை, "புது இடம் இல்லையா, பயந்துபோய் இருக்கும், பாவம்" என்றாள். பயந்தவன் முகமா அது? பத்திரப் பதிவு முடித்துவிட்டு வெளியே வருகிறவன் முகம் மாப்பிள்ளை அது.

வெளியே கூட்டிக்கொண்டு போகவில்லையா என்று கேட்பீர்கள். காலையில் முக்கால் மணி, மாலையில் முக்கால் மணி, மழை பெய்தால் குடையுடன் போகிறேன். இந்தத் தெருவில் மின்கம்பம் எத்தனை, சுவர் முனை எத்தனை, நிறுத்தி வைத்த ஸ்கூட்டர் எத்தனை என்று இப்போது என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். எல்லாவற்றுக்கும் வஞ்சனை இல்லாமல் கொடுக்கிறான். கொடுத்துவிட்டு, வீட்டுக்கென்று ஒரு பங்கை மிச்சம் வைத்துக்கொண்டு வருகிறான். செருப்பைக் கழற்ற நான் குனியும் நேரத்தில் செருப்பு அலமாரிக்கு அது போய்ச் சேர்ந்துவிடும்.

இதை ஐந்தாம் தடவை போனில் எப்படியோ உங்கள் காதில் போட்டபோது நீங்கள் சிரித்துக்கொண்டு சொன்னது எனக்கு இன்னும் நெஞ்சில் நிற்கிறது. "மாமா, அவன் டெரிட்டரி மார்க் பண்றான். அது ஆம்பளை நாயோட சுபாவம். அவனோட எல்லையை அவன் காட்டிக்கிறான். உங்களுக்குப் புரியறது கஷ்டம்தான்." மாப்பிள்ளை, முப்பத்துநான்கு வருஷம் நில அளவைத் துறையில் வேலை பார்த்தவன் நான். வெயிலில் அளவுச் சங்கிலி இழுத்து, முள்ளில் கல் நட்டு, அண்ணன் தம்பிகள் கம்பெடுத்து நின்ற இடத்தில் நடுவில் போய் நின்று கோடு போட்டவன். எல்லை என்றால் என்ன என்று நீங்கள் எனக்கு வகுப்பு எடுக்கிறீர்கள். போகட்டும். சொல்லிவிட்டீர்கள், ஆகவே முறைப்படி அளந்துவிடுவோம் என்று அன்றைக்கே அளவு நாடாவை எடுத்தேன். வரவேற்பறை, படுக்கையறை இரண்டு, சமையலறை, நடை, எல்லாவற்றையும் அங்குலம் பிசகாமல் அளந்து கட்டம் போட்ட தாளில் வரைந்து, கமாண்டர் கால் தூக்கிய இடங்களைச் சிவப்பு மசியில் புள்ளி வைத்து, எண் கொடுத்து, தேதி எழுதினேன். அன்றைக்குப் பதினாறு, பிறகு ஒன்று சேர்ந்து மொத்தம் பதினேழு புள்ளிகள். அதன் நகல் இணைப்பு இரண்டாக வருகிறது. நன்றாகப் பாருங்கள். கோட்டைச் சேர்த்துப் போட்டால் வீடு முழுவதும் அவன் எல்லைக்குள் வருகிறது, குளியலறை ஒன்றைத் தவிர. போக வேண்டிய ஒரே இடத்தை மட்டும் எனக்கு விட்டுக்கொடுத்திருக்கிறான். என் வேலைக்காலத்தில் ஒரு வயலுக்கு நாலு மூலையில் நாலு கல் நடுவோம், அதுவே அதிகம் என்பார்கள். இவன் ஒரு சோபாவுக்கு ஐந்து வைத்திருக்கிறான்.

துடைக்கத் தெரியவில்லையா என்று கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன், துடைக்கத் தெரியவில்லை. எங்கள் பழைய அலுவலகத்தில் கழிப்பறை கழுவ ஒரு திரவம் வைத்திருப்பார்கள், மூடியைத் திறந்தாலே கண்ணில் தண்ணீர் வரும். கெட்டியான சரக்கு, இதற்கு அசையாத கறை கிடையாது என்று அதை வரவழைத்து பதினாறு இடத்திலும் காலையும் மாலையும் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க அவன் பெருக்கினான். நாய் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அந்த அம்மாள் சின்னப் பெண், நம் மகள் வயதுதான் இருக்கும். புட்டியின் பெயரைக் கேட்டுவிட்டுக் கையால் வாயை மூடிக்கொண்டாள். "சார், அதுல இருக்கறது அமோனியா. நாய்க்கு அந்த வாசனை மூத்திர வாசனைதான். நீங்க துடைக்கல சார். வேற ஒரு நாய் வந்துட்டுப் போயிருக்குன்னு அதுக்கு தினமும் ரெண்டு வேளை சொல்லிட்டு இருக்கீங்க. அது பதில் சொல்லுது." ஆக, ஒரு மாதமாக நானும் அவனும் மாறி மாறிக் கல் நட்டுக்கொண்டிருந்திருக்கிறோம் மாப்பிள்ளை. என்னுடைய மொத்தச் சேவைக் காலத்திலும் இப்படி ஒரு எல்லைத் தகராறில் நான் ஒரு தரப்பாக இருந்ததில்லை. அதற்கென்று தனியாக விற்கும் மருந்தை எழுதிக் கொடுத்தாள். அதைப் போட்டதும் பதினாறு புள்ளியில் ஆறு அடங்கியது, மீதி பத்து அடங்கவில்லை. நாலு வயதான, ஆபரேஷன் ஆகாத ஆண் நாய்க்கு இது அடக்க முடியாமல் போவது இல்லை, வேண்டுமென்றே வைப்பது, ஆபரேஷன் செய்தால் பெரும்பாலும் குறையும், செய்யாமல் வீட்டுக்குள் வைத்திருந்தால் நீங்கள் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டாள். ஓனர் கையெழுத்து இல்லாமல் நான் கத்தியைத் தொட மாட்டேன் என்றும் சொன்னாள். அதற்குத்தான் அந்த மஞ்சள் படிவம்.

அதுவரைக்கும் சமாளிக்க வயிற்றைச் சுற்றி ஒரு துணிப் பட்டை கட்டலாம் என்று சொன்னாள். உங்கள் அத்தை உடனே தையல் மெஷினைத் திறந்துவிட்டாள். எதை வெட்டித் தைத்தாள் என்று எனக்கு மாலையில்தான் தெரிந்தது. நான் ஓய்வு பெற்ற நாளில் போட்டிருந்த சட்டை. பையை அப்படியே விட்டுவிட்டு வெட்டியிருக்கிறாள், "துணி அங்கதான் கெட்டியா இருக்கு" என்று காரணம் வேறு. கமாண்டர் வயிற்றில் என் சட்டைப் பையுடன் வீட்டைச் சுற்றி வந்தான். பேனா ஒன்று செருகினால் உதவி இயக்குநர் என்றே சொல்லலாம், நான் எட்டாத பதவி அது. அரைமணி நேரம் மரியாதையாக இருந்தான். பிறகு எப்படியோ இடுப்பை நெளித்து அதைக் கழற்றிக் கூடத்தின் நடுவில் போட்டு, அதன் மேலேயே காலைத் தூக்கினான். புள்ளி பதினேழு என்று அன்றைக்கே போட்டிருக்க வேண்டும், ஆனால் நகரும் பொருளை எல்லைக்கல்லாகக் கொள்ள விதியில் இடமில்லை.

மற்ற விஷயத்தை எழுதக் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன். உங்கள் அத்தையின் வாசகர் வட்டத்து அம்மாக்கள் ஆறு பேர் ஒரு சனிக்கிழமை வந்தார்கள். பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற அம்மாள் ஒருவர், கையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஏதோ நல்ல பகுதியை வாசித்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து இவன் சோபாவிலிருந்த நீலத் திண்டைக் கவ்விக்கொண்டு வந்து கூடத்தின் நட்டநடுவில் போட்டு, ஆறு பேர் பார்க்க அதனுடன் குடித்தனம் நடத்த ஆரம்பித்தான். தலைமையாசிரியை வாசிப்பதை நிறுத்தவில்லை, குரலை மட்டும் உயர்த்தினார். உங்கள் அத்தை கண்ணை மூடிக்கொண்டு பிஸ்கட் தட்டை நீட்டினாள், தட்டு ஒருத்தர் மூக்கில் இடித்தது. நான் திண்டைப் பிடுங்கப் போனேன். பிடுங்கியதும் அவன் என் முழங்காலைப் பிடித்துக்கொண்டான். அந்த வட்டம் அடுத்த வாரத்திலிருந்து வேறு வீட்டில் கூடுகிறது. உங்கள் குறிப்பில் மூன்றாம் பக்கத்தில் "விருந்தினர்களிடம் மிகவும் பாசமாகப் பழகுவான்" என்று எழுதியிருக்கிறீர்கள். எழுதிய கைக்கு ஒரு கும்பிடு.

போன மாதம் இன்னொரு கூத்து. எங்களுக்கு இரண்டு மாடி மேலே பாட்டு டீச்சர் இருக்கிறாள், அவளிடம் ஒரு பெண் நாய் இருக்கிறது. அதற்குப் பருவம் வந்தது. அங்கே வந்தது இங்கே எப்படித் தெரிந்தது என்று என்னைக் கேட்காதீர்கள், ஐந்து கதவு, இரண்டு மாடி தாண்டித் தெரிந்திருக்கிறது. அதே மூக்குக்கு, அவன் ஒன்றுக்குப் போவதற்கென்று வாசலில் நான் வைத்த மண் தட்டு மட்டும் மூன்று மாதமாகத் தெரியவில்லை. ஆறு நாள் சாப்பிடவில்லை. வாசல் கதவின் கீழே மூக்கை வைத்துக்கொண்டு ஊளை. மேலே டீச்சர் பிள்ளைகளுக்குச் சுரம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தால் இவன் கீழே இருந்து இழுப்பான். ஏழாம் நாள் தபால்காரருக்குக் கதவைத் திறந்தேன், என் காலிடுக்கில் பாய்ந்து மாடி ஏறிவிட்டான். நான் மூச்சு வாங்க ஏறிப் பார்க்கும்போது டீச்சர் வீட்டு வாசலில் ராஜா மாதிரி படுத்திருக்கிறான், கால்மிதி நனைந்திருக்கிறது. டீச்சர் கதவைத் திறக்காமல் உள்ளேயிருந்து பேசினாள். "சார், உங்க நாய் என் ஸ்டூடண்ட்ஸ விட நல்லா சுருதி சேருது, ஒத்துக்கறேன். ஆனா இனிமே ஒரு நாள் அது இந்த மாடிக்கு வந்தா, நான் உங்க வீட்டு வாசல்ல உக்காந்து பாடுவேன்." நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அவனை முப்பத்தாறு படி தூக்கிக்கொண்டு இறங்கினேன். இருபத்தெட்டு கிலோ. என் இடுப்பு இன்னும் பழைய நிலைக்கு வரவில்லை.

இதற்கெல்லாம் அசையாத உங்கள் அத்தை ஒரே ஒரு புள்ளியில் அசைந்துவிட்டாள். பன்னிரண்டு நாளைக்கு முன்னால், காலையில், அவள் படுக்கை விரித்துக்கொண்டிருந்தாள். கமாண்டர் கட்டிலில் ஏறினான். அவளுடைய தலையணை பக்கத்தில் வந்தான். அவள் கண்ணையே பார்த்துக்கொண்டு, கண்ணை எடுக்காமல், காலைத் தூக்கினான். பதினேழாவது புள்ளி அதுதான். அவள் கத்தவில்லை மாப்பிள்ளை. கத்தியிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன். துணிமணியை எடுத்து ஒரு பையில் வைத்துக்கொண்டே, "ஒண்ணு அதுக்கு ஆபரேஷன் ஆகணும், இல்ல அது இங்கேருந்து போகணும். அதுவரைக்கும் நான் அக்கா வீட்ல இருக்கேன்" என்றாள். சரி, மாப்பிள்ளையிடம் கையெழுத்துக் கேட்கிறேன் என்றேன். திரும்பி நின்றாள். "மாப்பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை பேசக் கூடாது. அவர் மனசு கோணிடும். நம்ம பொண்ணு அங்க வாழணும்." ஆபரேஷன் ஆக வேண்டும், கையெழுத்து வேண்டும், கையெழுத்துப் போடுகிறவரைக் கேட்கக் கூடாது. இதைக் கோணக் கணிதத்தில் போட்டாலும் தீர்வு வராது. ஆகவே இந்தக் கடிதம் அவளுக்குத் தெரியாமல் எழுதப்படுகிறது. உங்கள் பதிலில் இதைப் பற்றி மூச்சு விட வேண்டாம்.

அவள் தினமும் நாலு மணிக்கு வருகிறாள். கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கம்பி வழியாகக் கொடுக்கிறாள், நேற்றைய பாத்திரத்தை வாங்கிக்கொள்கிறாள், மருந்து சாப்பிட்டீர்களா என்று கேட்கிறாள், போகிறாள். சிறையில் இருக்கிறவனைப் பார்க்க வருவது மாதிரி இருக்கிறது. கல்யாணம் ஆகி முப்பத்தெட்டு வருஷத்தில் அவள் இல்லாத வீட்டில் நான் இத்தனை நாள் இருந்ததில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை. காலையில் எழுந்து அவளைத் திட்டுவதற்கு ஒரு காரணம் தேடும்போதுதான் ஆள் இல்லை என்பது தெரிகிறது. இதை உங்களிடம் எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் உங்கள் ஒரு கையெழுத்தில் தொங்கிக்கொண்டிருப்பது நாயின் விஷயம் மட்டும் இல்லை என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

இனி உங்கள் கட்சிக்கு வருகிறேன். ஆபரேஷன் வேண்டாம் என்பதற்கு நீங்கள் வெவ்வேறு சமயத்தில் மூன்று காரணம் சொல்லியிருக்கிறீர்கள். செய்தால் குண்டாகிவிடுவான் என்பது ஒன்று. ஆவான், தீனியைக் குறைத்தால் இளைப்பான், நீங்களும் கல்யாணத்துக்குப் பிறகு பதினோரு கிலோ கூடியிருக்கிறீர்கள், உங்களுக்கு யாரும் எந்த ஆபரேஷனும் செய்யவில்லை. வாரிசு வேண்டாமா என்பது இரண்டு. என்ன சொத்துக்கு வாரிசு? என் வீட்டுப் பதினேழு புள்ளிகளுக்கா? நாலு வருஷம் உங்களிடம் இருந்தான், இதுவரை அவனுக்கு வாய்த்த ஒரே சம்பந்தம் அந்த நீலத் திண்டுதான். மூன்றாவது காரணம்தான் உங்கள் மனதில் உள்ள காரணம். "மாமா, ஆம்பளைன்னா ஆம்பளையா இருக்கணும். அதை எடுத்துட்டா அப்புறம் அவன் என்ன?" என்று கேட்டீர்கள். அப்புறம் அவன் நாய் மாப்பிள்ளை. முன்னாலும் நாய்தான். எங்கள் ஊர்ப் பக்கம் இதற்குக் காயடித்தல் என்று பச்சையாகச் சொல்வார்கள், மரியாதை கருதித்தான் கடிதம் முழுவதும் ஆபரேஷன் என்று எழுதிக்கொண்டு வருகிறேன். வீடியோவில் டாக்டர் பேச்சை எடுத்த அன்றைக்கு நான் கவனித்தேன், நீங்கள் இரண்டு முழங்காலையும் ஒட்டி வைத்துக்கொண்டு மடியில் ஒரு தலையணையை எடுத்து வைத்தீர்கள். ஆபரேஷன் உங்களுக்கு இல்லை. மூன்று தடவை வேண்டுமானாலும் சொல்கிறேன், உங்களுக்கு இல்லை. தடுப்பூசி போடப் போன நாளில் ஊசியைப் பார்த்து மயங்கி விழுந்தது நீங்கள் என்றும், அவன் வாலை ஆட்டிக்கொண்டு உங்கள் முகத்தை நக்கினான் என்றும் என் மகள் சொன்னாள். ஆம்பளைத்தனத்தை யார் யாருக்காகக் காப்பாற்றுகிறார்கள் என்று எனக்குக் கொஞ்சம் குழப்பமாக இருக்கிறது.

ஆகவே தயவுசெய்து படிவத்தில் கையெழுத்துப் போட்டு, வரும் மாதம் முதல் வியாழனுக்குள் கிடைக்கும்படி அனுப்புங்கள். அன்றைக்கு டாக்டர் நேரம் கொடுத்திருக்கிறாள். வரவில்லை என்றால் வெள்ளிக்கிழமை காலை வண்டியில் நானும் கமாண்டரும் அங்கே கிளம்பி வருகிறோம். உங்கள் வீட்டில் நாய்க்கு அனுமதி இல்லை என்பது தெரியும். மாமனாருக்கு அனுமதி உண்டா என்பதையும் விசாரித்து வையுங்கள். இது பயமுறுத்தல் இல்லை, முன்னறிவிப்பு. எங்கள் துறையில் முன்னறிவிப்பு கொடுக்காமல் யார் நிலத்திலும் கால் வைக்க மாட்டோம்.

என் மகளை வேளைக்குச் சாப்பிடச் சொல்லுங்கள். நீங்களும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், வேலையில் மேலும் மேலும் உயர வேண்டும், இரண்டு பேரும் மனம் ஒத்து நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும் என்று மனதார வாழ்த்துகிறேன். மேலே எழுதியதில் ஏதாவது மனம் நோகும்படி இருந்தால், அதை நான் யோசித்துத்தான் எழுதினேன் என்று எடுத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
உங்கள் நலம் விரும்பும் மாமனார்,
நில அளவையர் (ஓய்வு)

இணைப்பு: 1. மஞ்சள் படிவம். 2. வீட்டின் வரைபடம், சிவப்புப் புள்ளிகளுடன்.

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுத எனக்கு நாலு நாள் ஆனது. மரியாதையும் குறையக் கூடாது, விஷயமும் குறையக் கூடாது என்று மூன்று தடவை அடித்து எழுதினேன். இன்றைக்குக் காலையில் உள்ளறையில் உட்கார்ந்து சுத்தப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தபோது வாசல் கேட் சத்தம் கேட்டது, தபால்காரர் என்று நினைத்து எழுந்திருக்கவில்லை. வாழ்த்துப் பகுதியை முடித்து வெளியே வந்தால் கமாண்டரைக் காணோம், சங்கிலியையும் காணோம். தெருவெல்லாம் தேடினேன், பாட்டு டீச்சர் வீட்டுக் கதவைக்கூடத் தட்டினேன். மூன்று மணிக்கு வாடகை வண்டி ஒன்று வந்து நின்றது. உங்கள் அத்தை இறங்கினாள். அவள் பின்னால் கமாண்டர், கழுத்தைச் சுற்றிப் புனல் மாதிரி பிளாஸ்டிக் மாட்டிக்கொண்டு, காலை அகட்டி அகட்டி வைத்து வந்தான். ஆபரேஷன் முடிந்துவிட்டது. இன்றைக்கு வர வேண்டிய யாரோ வர முடியாது என்று சொல்லிவிட்டதாக டாக்டர் நேற்றே அவளைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறாள். நேற்று நாலு மணிக்குக் கேட்டில் நின்று, "காலைல அதுக்கு ஒண்ணும் போடாதீங்க, வயிறு சரியில்லாத மாதிரி இருக்கு" என்று சொன்னாள், நானும் போடவில்லை.

"கையெழுத்து?" என்றேன்.

"நம்ம பொண்ணு போட்டு போன்லயே அனுப்பினா. டாக்டர் போன்ல சொல்லி முடிக்கறதுக்குள்ள வந்துடுச்சு."

"அவ போட்டா எப்படிச் செல்லும்? மாப்பிள்ளை இல்ல போடணும்?"

பீரோவிலிருந்து துணிமணியோடு எடுத்துப் போயிருந்த தடுப்பூசிப் புத்தகத்தைப் பையிலிருந்து எடுத்து முதல் பக்கத்தைத் திறந்து என் முகத்துக்கு நேராக நீட்டினாள். உரிமையாளர் பெயர் என்ற இடத்தில் என் மகளின் பெயர். நாலு வருஷமாக அவள் பெயர்தான். உங்கள் பெயர் புத்தகத்தில் எந்தப் பக்கத்திலும் இல்லை, அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர் என்ற இடத்தில்கூட என் பெயர்தான் இருக்கிறது.

"இத்தனை நாளா உள்ள உக்காந்து என்ன பண்ணிட்டு இருந்தீங்க?" என்று கேட்டாள்.

எங்கள் வேலையில் சேர்ந்த முதல் நாளே சொல்லித் தருவார்கள், பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்காமல் சங்கிலியைத் தரையில் போடாதே என்று. எனக்குக் கீழே வேலை பார்த்தவர்களை நான் இதற்காக எத்தனை திட்டு திட்டியிருக்கிறேன் தெரியுமா. பதினேழு புள்ளியை அளந்தேன், பத்திரத்தைப் பார்க்கவில்லை. டாக்டர் ஓனர் என்றதும் என் கண்ணுக்கு உங்கள் முகம்தான் வந்தது. ஆம்பளை ஆம்பளை என்று அத்தனை தடவை சொன்னவர்தான் சொந்தக்காரராக இருப்பார் என்று நினைத்துவிட்டேன். ஆகவே மாப்பிள்ளை, மேலே உங்களிடம் கேட்டது எதுவும் தேவையில்லை. அது உங்களிடம் கேட்க வேண்டிய விஷயமாக ஒரு நாளும் இருந்ததில்லை.

உங்கள் அத்தை பையைப் பிரித்துத் துணிமணியை அலமாரியில் அடுக்கிவிட்டாள். வீட்டுக்குள் வந்ததும் கமாண்டர் மயக்கம் முழுதாகத் தெளியாமல் சோபாவின் வலது மூலைக்குப் போய்க் காலைத் தூக்கினான், பழக்கம் போகச் சில வாரம் ஆகும் என்று டாக்டர் சொன்னாளாம். அவளே துணி எடுத்து வந்து துடைத்துவிட்டு, "வலிக்குதாடா?" என்று அவனைக் கேட்டாள். பன்னிரண்டு நாள் கேட்டுக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றவனை இன்னும் கேட்கவில்லை.

மேஜை மேல் இந்தக் கடிதத்தைப் பார்த்துவிட்டு முழுவதும் நின்றபடியே படித்தாள். இரண்டு இடத்தில் சிரித்தாள், எந்த இடம் என்று சொல்ல மறுக்கிறாள். பிறகு, "இதை அனுப்பாதீங்க, மாப்பிள்ளை மனசு கஷ்டப்படும், கிழிச்சுப் போடுங்க" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறாள். கிழிக்க மனசு வரவில்லை, நாலு நாள் உழைப்பு. தபால் பெட்டி தெருமுனையில்தான் இருக்கிறது. அவள் வெளியே வருவதற்குள் நானும் கமாண்டரும் மெதுவாக நடந்து போய் இதைப் போட்டுவிட்டு வந்துவிடுவோம்.